அரசாணையிலிருந்து எம்-புக் வரை: அரசு ஆவணத்தை இணையத்தில் தேடி, மனுப் போட்டு வாங்கி, பொதுவில் வைக்க முழு வழிகாட்டி

சட்டப்பேரவையில் விதி 110-இன் கீழ் ஓர் அறிவிப்பு வருகிறது. உங்கள் ஊர்ப் பெரிய ஏரியின் கரையைப் பலப்படுத்த நிதி ஒதுக்கப்படும் என்கிறார்கள். வருடம் இரண்டு போகிறது, கரை அப்படியே கிடக்கிறது. ஊரில் யாராவது ஒருவர் பொறுக்க முடியாமல் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுகிறார்: "ஏரி வேலை ஏன் நடக்கவில்லை?" ஒரு மாதம் கழித்து, "தாங்கள் கோரியது தகவல் என்ற வரையறைக்குள் வராது" என்று பதில் வருகிறது. பெரும்பாலானவர்கள் அதோடு விட்டுவிடுகிறார்கள்.

இப்படி நின்றுபோன மனுக்களைப் பலர் என்னிடம் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே கோளாறுதான். எந்த ஆவணம் வேண்டும் என்று தெரிவதற்கு முன்பே மனு போயிருக்கும். ஆவணத்தின் பெயரும் எண்ணும் ஏற்கெனவே இணையத்தில் எங்காவது கிடக்கும். அதை எடுத்துக்கொண்டு போனால் அதே அலுவலகம் மறுக்க வழியில்லாமல் தரும்.

ஏரி உதாரணத்தையே கடைசிவரை வைத்துச் சொல்கிறேன். சாலை, பள்ளிக் கட்டடம், குடிநீர்த் தொட்டி எதுவானாலும் வரிசை இதேதான்.

1. தொடங்கும் முன் சேர்த்து வைக்க வேண்டியவை

முதலில் இடத்தின் அடையாளம்: கிராமம், ஊராட்சி, ஒன்றியம், வட்டம், மாவட்டம், முடிந்தால் புல எண். "எங்கள் ஊர் ஏரி" என்று எழுதினால், அந்தப் பெயரில் பதிவேடு இல்லை என்று பதில் தர வசதியாகிவிடும்.

அடுத்து காலம். அரசுக் கணக்கு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். "கடந்த சில ஆண்டுகளில்" என்று எழுதாமல் "2022–23, 2023–24 நிதியாண்டுகள்" என்று எழுதப் பழகுங்கள். பதிவேடுகள் அப்படித்தான் கட்டி வைக்கப்பட்டிருக்கும்.

மூன்றாவது, ஒரு நோட்டு. எந்தத் தேதியில் எந்த அலுவலகத்துக்கு என்ன அனுப்பினோம், கெடு என்றைக்கு முடிகிறது என்று எழுத ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இந்தச் சட்டத்தில் எல்லாமே நாள் கணக்கு. தேதி தவறினால் நல்ல மனுவும் மேல்முறையீட்டில் தள்ளுபடியாகும்.

ஆதார் நகலை இணைக்க வேண்டாம். பதில் அனுப்பத் தேவையான முகவரி விவரத்தைத் தவிர வேறு சொந்த விவரம் கேட்கக் கூடாது, எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணமும் கேட்கக் கூடாது என்று சட்டத்தின் 6(2) பிரிவு சொல்கிறது.

2. இணையத்தில் ஏற்கெனவே இருப்பதைப் புரட்டுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். இங்கே ஒரு மாலை செலவழித்தால் பின்னால் பல மாதம் மிச்சமாகும்.

அறிவிப்பு அவையில் வந்தது என்றால் அவையிலிருந்தே தொடங்குங்கள். தமிழ்நாடு சட்டப்பேரவையின் இணையதளத்தில் மசோதாக்களும் அவை நடவடிக்கைகளும் இருக்கின்றன. பழைய அவைக் குறிப்புகளை மின்மயமாக்கியும் வைத்திருக்கிறார்கள். அறிவிப்பு வந்த தேதி, சொன்ன சொற்கள், துறையின் பெயர் மூன்றையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். பத்திரிகைச் செய்தியில் துறை மாறியிருக்கும், தொகை முழுமையாக்கப்பட்டிருக்கும்.

அடுத்து அந்தத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு. மானியக் கோரிக்கை (துறைக்கு நிதி கேட்கும்) விவாதத்தின்போது ஒவ்வொரு துறையும் அவையில் வைக்கும் புத்தகம் இது. தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் துறைவாரியாகக் கிடைக்கும். எடுத்துக்கொண்ட பணிகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று துறை தன் வாயால் சொல்லும் இடம் அது. மனுவில் "கொள்கை விளக்கக் குறிப்பு, பக்கம் இத்தனை" என்று காட்டினால், அப்படி ஒரு பணியே இல்லை என்று எழுத முடியாது.

மூன்றாவது அரசாணைகள். அதே தளத்தில் துறை, ஆண்டு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். எல்லா ஆணையும் ஏறியிருக்காது. ஏறியிருப்பதிலும் தேடல் பெட்டியை நம்பாதீர்கள். பழைய கோப்புகள் பலவும் காகிதத்தை ஸ்கேன் செய்த படங்கள். வேறு சில, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சானவை. தமிழில் "ஏரி" என்று தேடினால் எதுவும் வராது, ஆனால் கோப்பு அங்கேயே இருக்கும். அறிவிப்பு வந்த தேதிக்குப் பிந்தைய ஆணைகளைத் தலைப்பு வரிசையில் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

பிறகு மாநில அரசின் டெண்டர் தளம். பணி டெண்டருக்குப் போயிருந்தால் அங்கே தடயம் இருக்கும். ஊராட்சி செய்த வேலை என்றால் மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் ஊராட்சியின் திட்டமும் வரவு செலவும் பார்க்கலாம்.

கிடைத்த ஒவ்வொரு கோப்பையும் அன்றைக்கே இறக்கி வையுங்கள். தளத்தைப் புதுப்பிக்கும்போது இணைப்புகள் செத்துப்போகும். கோப்பின் பெயரில் துறை, எண், தேதி மூன்றும் இருக்கட்டும்.

3. அரசாணையைப் படிக்கும் முறை

ஓர் அரசாணை கையில் கிடைத்தாலே பாதி வழி வந்துவிட்டீர்கள். எங்கே கண் வைப்பது என்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

மேலே "சுருக்கம்" என்று ஒரு பத்தி. அதன் கீழே துறை, ஆணை எண், நாள். "அரசாணை (நிலை) எண்" என்று இருந்தால் அடைப்புக்குள் இருக்கும் சொல்லையும் சேர்த்து எழுதுங்கள். ஒரே துறையில் ஒரே ஆண்டில் நிலை வரிசையிலும் டி வரிசையிலும் அதே எண் இருக்கலாம். வரிசையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எழுதியதால் சம்பந்தமில்லாத ஆணையின் நகல் வந்த கதைகள் உண்டு.

அதற்கும் கீழே "படிக்கப்பட்டவை" என்று ஒரு பட்டியல் வரும். புதிதாக வருகிறவர்கள் இதைக் கடந்து ஆணைப் பகுதிக்கு ஓடிவிடுகிறார்கள். எனக்கு அரசாணையிலேயே மிகவும் பயன்படும் இடம் இதுதான். இந்த ஆணைக்கு முன் எந்தெந்தக் கடிதம், எந்த அலுவலர் அனுப்பிய கருத்துரு (முன்மொழிவு), எந்தத் தேதி என்று எண்ணோடு வரிசையாக இருக்கும். தலைமைப் பொறியாளரின் கடிதம் ஒன்று அதில் இருந்தால், மதிப்பீடு எந்த அலுவலகத்தில் தயாரானது என்று தெரிந்துவிடும்.

கடைசியில் "பெறுநர்", "நகல்" பட்டியல். வேலையைச் செய்ய வேண்டியவர் பெறுநர். உங்கள் மனு எங்கே போக வேண்டும் என்பதற்கு அவரே விடை.

4. எந்த அலுவலகம் என்று தீர்மானியுங்கள்

எல்லா மனுவும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு என்ற பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் அந்தக் கோப்பு இல்லையென்றால் 6(3) பிரிவின்படி ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். மாற்றுவார்கள். அது அங்கிருந்து இன்னொரு இடத்துக்கு மாறும். மாதம் ஒன்று அப்படியே போய்விடும்.

ஏரி விஷயத்தில் ஒரு கணக்கு உதவும். பொதுவாக ஆயக்கட்டு (ஏரி நீர் பாயும் நிலப்பரப்பு) 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஏரிகள் நீர்வளத்துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். 2021-இல் பொதுப்பணித்துறையிலிருந்து நீர்வளத்துறையைத் தனியாகப் பிரித்தார்கள். இன்னமும் பழைய பெயருக்கு மனு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அரசாணை நகல் தலைமைச் செயலகத் துறையிடம் இருக்கும். பணி உத்தரவும் எம்-புக்கும் (வேலையின் அளவுகளை எழுதும் அளவுப் புத்தகம்) கோட்ட அல்லது உபகோட்ட அலுவலகத்தில் இருக்கும். இரண்டையும் ஒரே மனுவில் கேட்காமல் இரண்டு மனுவாகப் போடுங்கள். பத்து ரூபாய் கூடுதல் செலவு, நேரம் மிச்சம்.

5. மனுவை எழுதுங்கள்

"ஏன்", "எப்போது முடிப்பீர்கள்", "யார் பொறுப்பு" என்ற கேள்விகளுக்கு இந்தச் சட்டத்தில் விடை வாங்க முடியாது. அலுவலகத்தில் ஏற்கெனவே பதிவாக இருப்பதைத்தான் தர வேண்டும், புதிதாக விளக்கம் எழுதித் தரவோ தொகுத்துத் தரவோ கடமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சிபிஎஸ்இ வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே கேள்வியை ஆவணமாக மாற்ற வேண்டும்.

"பணம் என்ன ஆயிற்று?" என்று தோன்றுகிறதா? அந்தப் பணம் நடந்துபோன பாதையில் எங்கெல்லாம் காகிதம் விழுந்திருக்கும் என்று யோசியுங்கள். மனு இப்படி இருக்கட்டும்:

"இன்ன வட்டம், இன்ன கிராமம், புல எண் இன்னதில் உள்ள பெரிய ஏரியின் கரை பலப்படுத்தும் பணி தொடர்பாக:
1) நிர்வாக ஒப்புதல் வழங்கிய ஆணையின் நகல்.
2) தொழில்நுட்ப அனுமதி பெற்ற மதிப்பீட்டின் நகல்.
3) ஒப்பந்ததாரருக்கு வழங்கிய பணி உத்தரவின் நகல்.
4) இப்பணிக்குரிய அளவுப் புத்தகப் பக்கங்களின் நகல்.
5) இப்பணிக்குத் தொகை வழங்கிய பட்டியல்களின் (பில்) நகல்."

நான்காவதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அளவுப் புத்தகம் என்பதைத்தான் பொறியாளர்களும் ஒப்பந்ததாரர்களும் எம்-புக் என்பார்கள். வேலை நடந்த இடத்தில் பொறியாளர் அளந்து, நீளம், அகலம், உயரம், கன அளவு என்று வரிசையாக எழுதிக் கையெழுத்திடும் புத்தகம். இதில் ஏறிய அளவுக்குத்தான் பில் போட முடியும். இந்தப் பக்கம் கையில் இருந்தால், ஒரு நீள டேப்போடு கரைக்குப் போய் நீங்களே அளந்து பார்க்கலாம். எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கிறது, அங்கே மண் விழுந்திருக்கிறதா என்று ஊரே பார்க்கலாம். எம்-புக் கேட்காத மனு எனக்குப் பாதி மனுதான். ஒருவேளை வேலையே தொடங்கவில்லை என்றால் "எம்-புக் பதிவு இல்லை" என்று எழுதித் தருவார்கள். அந்த ஒரு வரியே முதலில் கேட்க நினைத்த கேள்விக்குப் பதில்.

மனுவின் கடைசியில் இன்னொரு வரி சேருங்கள்: "மேற்கண்டவை மின்னணு வடிவில் இருப்பின் பிடிஎஃப் கோப்பாக எனது மின்னஞ்சலுக்கு அனுப்பவும்." கேட்ட வடிவத்திலேயே தருவது பொது விதி என்று 7(9) சொல்கிறது. அலுவலகத்தின் வேலையை அளவுக்கு மீறி இழுக்கும் என்றாலோ ஆவணத்துக்குச் சேதம் வரும் என்றாலோதான் வடிவத்தை மாற்றலாம். இதைக் காட்டித் தகவலையே மறுக்க முடியாது.

சங்கத்தின் பெயரில், மன்றத்தின் பெயரில் மனுப் போடாதீர்கள். சட்டம் குடிமக்களுக்குத் தரும் உரிமை இது. உங்கள் சொந்தப் பெயரில் கையெழுத்திடுங்கள். புகாரும் கோபமும் மனுவில் வேண்டாம். அவற்றுக்கு வேறு இடம் இருக்கிறது.

6. கட்டணமும் அனுப்பும் வழியும்

தமிழ்நாட்டு அலுவலகங்களுக்கு 10 ரூபாய். மனுவில் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்புவது எளிது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்குக் கட்டணம் கிடையாது, சான்றின் நகலை இணைத்தால் போதும்.

தபாலில் அனுப்பினால் சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும் வகையில் அனுப்புங்கள். நாள் கணக்கு மனு அங்கே சேர்ந்த தேதியிலிருந்துதான்.

இணைய வழியில் ஒரு பெரிய குழப்பம் உண்டு. தேடினால் முதலில் கண்ணில் படுவது மத்திய அரசின் ஆர்டிஐ (தகவல் உரிமை) தளம். மாநில அரசு அலுவலகத்துக்கான மனுவை அதில் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், கட்டிய பணம் திரும்பாது. தமிழ்நாட்டுக்குத் தனி ஆர்டிஐ தளம் இருக்கிறது. அதிலும் உங்களுக்கு வேண்டிய அலுவலகம் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுப் பிறகு தட்டச்சு செய்யுங்கள். இல்லையென்றால் தபால்தான்.

7. நாள் கணக்கு

பதிலுக்கு 30 நாள். மனுவை வாங்கி உரிய பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பிவைக்கும் உதவிப் பொதுத் தகவல் அலுவலரிடம் கொடுத்திருந்தால் இன்னும் 5 நாள். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம்.

நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் இவ்வளவு கட்டுங்கள் என்று கடிதம் வரலாம். அந்தக் கடிதம் கிளம்பிய நாளிலிருந்து நீங்கள் பணம் கட்டும் நாள் வரை 30 நாளில் சேராது. ஆகவே உடனே கட்டுங்கள். கெடு தாண்டிய பிறகு பணம் கேட்டால் கட்ட வேண்டாம். தாமதமாகத் தரும் தகவலை இலவசமாகத் தர வேண்டும் என்பது 7(6).

8. பதிலை வாசியுங்கள், நேரில் போய்ப் பாருங்கள்

பதில் கடிதத்தின் ந.க. எண் (கோப்பு எண்), நாள் இரண்டையும் நோட்டில் ஏற்றுங்கள். பிறகு நீங்கள் கேட்ட ஐந்தையும் பதிலில் வந்ததையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். பத்துப் பதினைந்து பக்கக் கட்டு வந்த மகிழ்ச்சியில் எம்-புக் வராததைக் கவனிக்காமல் மேல்முறையீட்டுக் கெடுவைத் தவறவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

"ஆவணங்கள் ஏராளம், தொகுக்க இயலாது" என்று பதில் வந்தால் சண்டைக்குப் போகாமல் 2(ஜே) பிரிவின்படி நேரில் பார்வையிட அனுமதி கேட்டு எழுதுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. கோப்பைப் புரட்டும்போது வேண்டிய பக்க எண்களை மட்டும் குறித்துக்கொண்டு, அவற்றுக்கு நகல் கேளுங்கள். குறிப்புப் பக்கங்களையும் கேட்டுப் பாருங்கள். யார் என்ன எழுதினார், கோப்பு யார் மேசையில் எத்தனை நாள் இருந்தது என்பது அங்கேதான் தெரியும். "ஏன்" என்று மனுவில் கேட்க முடியாததற்கு விடை அந்தப் பக்கங்களில் கிடக்கும்.

மறுத்து எழுதியிருந்தால் எந்தப் பிரிவு என்று பாருங்கள். பிரிவைச் சொல்லாமல், காரணம் காட்டாமல், மேல்முறையீட்டு அலுவலர் யார் என்று எழுதாமல் மறுப்பதே 7(8)-க்கு விரோதம். இப்போது அதிகம் வருவது 8(1)(ஜே), அதாவது தனிநபர் தகவல். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்தப் பிரிவைச் சுருக்கி மாற்றி எழுதியது. "நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாததை எந்த நபருக்கும் மறுக்கக் கூடாது" என்ற வாசகம் அதில் போய்விட்டது. குடிமக்களுக்கு இது பெரிய இழப்பு. இருந்தாலும் இரண்டு வழி மிச்சமிருக்கிறது. பொதுநலன் மேலோங்கினால் தர வேண்டும் என்ற 8(2) அப்படியே இருக்கிறது. சொந்த விவரத்தை மட்டும் மறைத்துவிட்டு மீதியைத் தரச் சொல்லும் பிரிவு 10-உம் இருக்கிறது. மேல்முறையீட்டில் இந்த இரண்டையும் எண் போட்டு எழுதுங்கள்.

9. சட்டப்பேரவை ஆவணம் என்றால்

சட்டப்பேரவைச் செயலகமும் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட பொது அதிகார அமைப்புதான், அதற்கும் பொதுத் தகவல் அலுவலர் உண்டு. அவையில் வைத்துவிட்ட காகிதம் எதையும் கேட்கலாம்: மசோதா, பொதுக் கணக்குக் குழு அறிக்கை, அரசு உறுதிமொழிக் குழு அறிக்கை. அமைச்சர் அவையில் "செய்து தருகிறோம்" என்று சொன்னது நிறைவேறியதா என்று பின்தொடர்வதற்கென்றே இருக்கும் குழு உறுதிமொழிக் குழு. நம் ஏரி போன்ற விஷயங்களில் அதன் அறிக்கைகளைப் பார்க்கப் பலருக்குத் தோன்றுவதே இல்லை.

அவையில் இன்னும் வைக்காத அறிக்கையைக் கேட்டால் அவை உரிமை மீறல் என்று 8(1)(சி)-இல் மறுப்பார்கள். விசாரணை ஆணைய அறிக்கைகளில் இது அடிக்கடி நடக்கும். அங்கே கேள்வியை மாற்றுங்கள். அறிக்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்ட தேதியையும் அவையில் வைக்கப்பட்ட தேதியையும் காட்டும் ஆவணத்தைக் கேளுங்கள். சட்டமன்றத்திடம் ஆறு மாதத்துக்குள் வைக்க வேண்டும் என்று விசாரணை ஆணையங்கள் சட்டத்தின் 3(4) பிரிவு சொல்வதால், அந்த இரண்டு தேதிகளே நிறையப் பேசும்.

10. மேல்முறையீடு

பதில் வராவிட்டால் கெடு முடிந்த நாளிலிருந்தும், வந்த பதில் சரியில்லை என்றால் அது கைக்கு வந்த நாளிலிருந்தும் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. இதற்குக் கட்டணம் இல்லை. அதே அலுவலகத்தின் மேலதிகாரிதான் மேல்முறையீட்டு அலுவலர். அவர் 30 நாளில், தவறினால் காரணம் எழுதி 45 நாளுக்குள் முடிக்க வேண்டும்.

இங்கே புதுக் கேள்வி சேர்க்காதீர்கள். "மனுவின் 4-ஆம் இனம் தரப்படவில்லை" என்று ஒரு வரி, எந்தப் பிரிவு மீறப்பட்டது என்று ஒரு வரி. முதலில் போட்ட மனு, வந்த பதில் இரண்டின் நகலையும் இணைத்தால் போதும்.

அதிலும் கிடைக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. இங்கே காத்திருப்பு நீளும். காரணமில்லாமல் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை தண்டம் விதிக்க ஆணையத்துக்கு 20(1)-இல் அதிகாரம் உண்டு. அதைக் கேட்டு எழுதுங்கள்.

இன்னொன்றையும் கட்டாயம் கேளுங்கள். இத்தகைய ஆவணங்களைத் தன் தளத்தில் வெளியிடும்படி துறைக்கு உத்தரவிட 19(8)(ஏ) ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. யாரும் கேட்காமலே 17 வகைத் தகவல்களை வெளியிட வேண்டும் என்று 4(1)(பி) ஏற்கெனவே சொல்கிறது. உங்களுக்கு மட்டும் நகல் கேட்டால் உங்களோடு முடிந்தது. வெளியிடச் சொல்லிக் கேட்டால் அடுத்த ஊர்க்காரர் மனுவே போட வேண்டாம்.

11. கிடைத்ததைப் பொதுவில் வையுங்கள்

துறை ஏற்றும்வரை காத்திருக்க வேண்டாம், நீங்களே ஏற்றலாம். ஏற்றும் முன் தனியாட்களின் தொலைபேசி எண், வங்கிக் கணக்கு, ஆதார் எண், பயனாளிகளின் வீட்டு முகவரி ஆகியவற்றைக் கறுப்பால் மறையுங்கள். கணினியில் மேலே ஒரு கட்டம் போட்டால் மட்டும் போதாது, அடியில் எழுத்து அப்படியே இருக்கும். அச்செடுத்து, மையால் மறைத்து, மறுபடி ஸ்கேன் செய்வது பாதுகாப்பு.

ஸ்கேன் செய்த படத்தோடு, துறை, ஆவண எண், தேதி, பணியின் பெயர், தொகை ஆகியவற்றை யூனிகோடு தமிழில் தட்டச்சு செய்து சேருங்கள். இல்லையென்றால் இரண்டாம் படியில் நீங்கள் பட்ட பாட்டை உங்கள் கோப்பைத் தேடுகிறவரும் படுவார். பதில் கடிதத்தையும் கூடவே ஏற்றுங்கள், ஆவணம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுதான் சான்று.

ஊருக்குள்ளும் கொண்டுபோக வேண்டும். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. எம்-புக் பக்கத்தைப் பெரிதாக நகலெடுத்துக் கொண்டுபோய், அதில் எழுதியிருக்கும் அளவுகளை வாசித்து, கரையை ஊரார் முன்னிலையில் அளக்க வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் அது எழுதப்பட்டதா என்று அன்றைக்கே பார்த்து, தீர்மான எண்ணை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.